இன்னொரு தடவை அமுக்கிப் பாருங்க

புத்தகத்துக்கு விமர்சனம் எழுதுகிறோம். சினிமாவுக்கு எழுதுகிறோம். ஓட்டல் பரோட்டாவுக்குக் கூட நட்சத்திரம் போடுகிறோம். ஆனால் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது கையில் எடுக்கிற கார் ரிமோட் சாவிக்கு யாரும் உருப்படியாக விமர்சனம் எழுதி நான் படித்ததில்லை. யூடியூபில் ஒரு காரைப் பற்றி நாற்பது நிமிடம் பேசுகிறார்கள். மைலேஜ், சன்ரூஃப், டிக்கியில் எத்தனை பெட்டி வைக்கலாம் என்பது வரைக்கும் போகிறார்கள். சாவி வரும்போது மட்டும் "ரெண்டு ஸ்மார்ட் கீ தர்றாங்க" என்று காட்டிவிட்டு அடுத்ததுக்குத் தாவிவிடுகிறார்கள்.

இந்தக் கட்டுரை அந்தச் சாவிக்கான விமர்சனம். அதிலும் குறிப்பாக, சில நேரம் வேலை செய்து சில நேரம் செய்யாத சாவிக்கு. மொத்தமாகச் செத்துப்போன ரிமோட் பெரிய பிரச்சினையே இல்லை. பேட்டரி மாற்றிப் பார்ப்போம், சரியாகவில்லை என்றால் கடைக்குப் போவோம், முடிந்தது. நாலு தடவையில் மூணு தடவை ஒழுங்காக இருக்கிற ரிமோட்தான் ஆளைக் கொல்லும். மென்பொருள் வேலையில் இருக்கிறவர்களுக்கு இந்த வகைக் கோளாறு நன்றாகவே பழக்கம். நாம் பார்க்கும்போது சமர்த்தாக ஓடும், கஸ்டமர் பார்க்கும்போது மட்டும் விழும்.

நான் சொல்ல வருவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரிமோட் எப்போதாவது தவறுவதை மன்னிக்கலாம். காற்றில் போகிற சிக்னல், அப்படித்தான் இருக்கும். தவறும்போது ஏன் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் இருப்பதை மன்னிக்க முடியவில்லை. அந்த மௌனம் நமக்கு ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொடுத்திருக்கிறது: திறக்கவில்லையா, இன்னொரு தடவை அமுக்கு. அந்தப் பழக்கத்தால் நம் பணமும் போகிறது, காரின் பாதுகாப்பும் போகிறது.

நாலு பேர், நாலு வைத்தியம்

என் கார் ஆறு வருடப் பழசு. போன வருடத்திலிருந்து ரிமோட் மக்கர். வீட்டு வாசலில் பெரும்பாலும் திறக்கும். காங்கேயம் கடைவீதியில் ஒரு குறிப்பிட்ட வரிசையில் நிறுத்தினால் பூட்டாது. சில நாள் அங்கேயும் பூட்டும்.

விசாரித்தேன். வாட்ச் கடைக்காரர், "பேட்டரிதானுங்க, மாத்துனா செரியாப் போயிரும்" என்றார். ஆட்டோ எலக்ட்ரீஷியன் தம்பி, "கோடிங் போயிருச்சுங்ண்ணா" என்றார். தேங்காய் எண்ணெய் மில் வைத்திருக்கிற நண்பர், "பக்கத்துல செல்ஃபோன் டவர் நிக்குதல்ல, அதான் சிக்னலை இழுக்குது" என்றார். ஒரு சர்வீஸ் சென்டரில், "ரிமோட்டையே மாத்திரலாம் சார்" என்று ஐந்து இலக்கத்தில் ஒரு தொகை சொன்னார்கள்.

இதில் யாரும் பொய் சொல்லவில்லை. அவரவர் தொழிலில் அவரவர் அடிக்கடி பார்த்த கோளாறைச் சொல்கிறார்கள். பேட்டரி தீர்ந்தாலும் கதவு திறக்காது, கோடு விலகினாலும் திறக்காது, வேறு சிக்னல் குறுக்கிட்டாலும் திறக்காது, பட்டன் தேய்ந்தாலும் திறக்காது. நோய் நாலு, அறிகுறி ஒன்று. பரிசோதனை செய்ய வழி இல்லாதபோது வைத்தியர் தனக்குத் தெரிந்த மருந்தைத்தான் கொடுப்பார்.

எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர்களுக்கு சிவன்மலை உத்தரவுப் பெட்டி தெரியும். பக்தர் ஒருவர் கனவில் வந்த பொருளை, சாமியிடம் பூப்போட்டு உத்தரவு கேட்டு, கோயிலில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பார்கள். அடுத்த பொருளுக்கு உத்தரவு வரும்வரை அது அங்கேயே இருக்கும். அந்தப் பொருள் எதைக் குறிக்கிறது என்று ஊரெல்லாம் பேசும். விடை பின்னால் நடப்பதைப் பார்த்துத்தான் தெரியும். அது நம்பிக்கையின் இடம், அங்கே அந்த முறை பொருந்தும். பொறியாளர்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டு வடிவமைத்த ஒரு சாவியையும் நாம் அதே மாதிரி குறி பார்த்துக்கொண்டிருக்கிறோமே, அதுதான் எனக்கு உறுத்துகிறது.

ஒரு சாவிக்குள் மூணு சாவி

ஊகிப்பதை நிறுத்த வேண்டுமானால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும். ஸ்மார்ட் கீ என்று நாம் சொல்கிற அந்தப் பிளாஸ்டிக் டப்பாவுக்குள், மடித்து வைத்திருக்கும் இரும்புச் சாவியை விட்டுவிட்டால், மூன்று தனித்தனி வழிகள் இருக்கின்றன.

முதலாவது, பட்டன். அமுக்கினால் சாவி ஒரு ரேடியோ செய்தியை அனுப்புகிறது. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் பெரும்பாலும் 433.92 மெகாஹெர்ட்ஸ், அமெரிக்காவிலும் ஜப்பானிலும் பெரும்பாலும் 315. பொதுவாக இது ஒருவழிப் பாதை. சாவி பேசும், கார் கேட்கும். கார் கேட்டதா என்று சாவிக்குத் தெரியாது. சாவியில் மின்னுகிற சிவப்பு விளக்கு "அனுப்பினேன்" என்று மட்டும்தான் சொல்கிறது, "போய்ச் சேர்ந்தது" என்று சொல்லவில்லை. தபால் பெட்டியில் போட்டதற்கும் ஒப்புகை அட்டை திரும்பி வருவதற்கும் உள்ள வித்தியாசம் இது.

இரண்டாவது, பட்டனைத் தொடாமல் கைப்பிடியை இழுத்தாலே திறப்பது. இங்கே பேச்சைத் தொடங்குவது கார். கைப்பிடிக்குப் பக்கத்தில் இருக்கிற ஆன்டெனா 125 கிலோஹெர்ட்ஸ் அளவில், ஒன்றிரண்டு மீட்டர் மட்டுமே எட்டும் ஒரு சிக்னலை விடுகிறது. பையில் தூங்கிக்கொண்டிருக்கிற சாவி அதைக் கேட்டு விழித்து, மேலே சொன்ன உயர் அலைவரிசையில் பதில் சொல்கிறது.

மூன்றாவது, இம்மொபிலைசர். எஞ்சினைக் கிளப்ப அனுமதி கொடுக்கிற சில்லு. இதற்குச் சாவியின் பேட்டரியே தேவையில்லை. காரில் உள்ள சுருள் தன் காந்தப்புலத்தால் அந்தச் சில்லுக்கு வேண்டிய மின்சாரத்தைக் கொடுத்து, பதிலையும் வாங்கிக்கொள்கிறது. பேட்டரி செத்த சாவியை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடித்தால் வண்டி கிளம்புவது இதனால்தான்.

மூணும் ஒரே டப்பாவில் இருப்பதால் நாம் ஒன்று என்று நினைக்கிறோம். பிரித்துப் பார்த்தாலே பாதிக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். பட்டன் வேலை செய்யவில்லை, ஆனால் வண்டி கிளம்புகிறது என்றால், இந்தச் சாவி யாருடையது என்ற அடையாளம் காரின் நினைவில் அப்படியே இருக்கிறது. "கோடிங் மொத்தமாப் போயிருச்சு, புதுச் சாவி போடணும்" என்பதற்கு அந்த நிலையில் ஆதாரம் இல்லை.

வரலாற்றில் ஒரு விஷயம். கார் ரிமோட் முதலில் பரவலாகத் தெரிய வந்தது 1982-இல், பிரான்ஸின் ரெனோ நிறுவனம் தன் ஃபூயேகோ காரில் கொடுத்தபோது. கண்டுபிடித்தவர் பால் லிப்ஷுட்ஸ். அவர் பெயரைச் சுருக்கி பிரெஞ்சுக்காரர்கள் கார் ரிமோட்டையே 'ப்ளிப்' என்று அழைத்தார்கள். அது டிவி ரிமோட் மாதிரி அகச்சிவப்பு ஒளியில் வேலை செய்தது. நேராகக் காட்ட வேண்டும், குறுக்கே ஆள் நின்றால் வேலை செய்யாது. வசதிக் குறைவுதான். ஆனால் ஏன் வேலை செய்யவில்லை என்பது கண்ணுக்குத் தெரிந்தது. ரேடியோவுக்கு மாறியதும் நேராகக் காட்டும் தொல்லை போனது, அதோடு காரணம் கண்ணுக்குத் தெரிவதும் போனது. போன அந்த ஒன்றுக்குப் பதிலாக வேறு எதையும் வைக்க யாரும் மெனக்கெடவில்லை.

இரண்டாவது அமுக்கு ஏன் பலிக்கிறது

ஆரம்ப கால ரேடியோ ரிமோட்டுகள் ஒவ்வொரு தடவையும் ஒரே எண்ணை அனுப்பின. யாராவது அதைப் பதிவு செய்து திரும்ப ஒலிபரப்பினால் கதவு திறந்துவிடும். இதற்கு வந்த மருந்துதான் உருளும் கோடு. ஒவ்வொரு அமுக்கலுக்கும் புது எண். ஒரு தடவை பயன்பட்ட எண் மறுபடி செல்லாது.

இந்த வகையில் அதிகம் ஆராயப்பட்டது கீலாக். 1980-களில் தென்னாப்பிரிக்காவின் நானோடெக் நிறுவனத்தில் உருவாகி, 1995-இல் அமெரிக்காவின் மைக்ரோசிப் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. சாவிக்குள் 16 பிட் கவுன்ட்டர், அதாவது 65,536 படிகள். ஒவ்வொரு அமுக்கலுக்கும் ஒரு படி ஏறும். காரும் தன் பக்கம் கடைசியாக வந்த படியை நினைவில் வைத்திருக்கும்.

வீட்டில் குழந்தை சாவியை வைத்து விளையாடி இருபது தடவை அமுக்கிவிட்டால்? சாவி இருபது படி முன்னே போய்விட்டது, காருக்கு அது தெரியாது. இதை யோசித்தே வடிவமைத்திருக்கிறார்கள். பரிந்துரைக்கப்பட்ட ஏற்பாட்டில், அடுத்த 16 படிக்குள் வரும் எண்ணைக் கார் உடனே ஏற்கும். அதைத் தாண்டி 32,768 படி வரைக்குமான எண் வந்தால் கதவைத் திறக்காது, ஆனால் குறித்து வைத்துக்கொள்ளும். அடுத்த அமுக்கலில் அதற்கு நேர் அடுத்த எண் வந்தால், "சரி, நம்ம சாவிதான், முன்னே போயிருக்கிறது" என்று தன் கணக்கைத் திருத்திக்கொண்டு திறக்கும். பின்னால் இருக்கிற எண் எதுவும் செல்லாது.

எனக்கு இது மிகவும் பிடித்த வடிவமைப்பு. மன்னிக்கவும் தெரியும், ஏமாறவும் கூடாது என்ற இரண்டையும் ஒரு சின்னக் கவுன்ட்டரில் அடைத்திருக்கிறார்கள். எல்லாக் காரிலும் கீலாக் இல்லை, எண்கள் மாறும், ஆனால் உருளும் கோடு எதுவாக இருந்தாலும் இப்படி ஒரு சலுகை ஜன்னல் இருந்தே ஆக வேண்டும். அந்த வகைச் சாவிகளில் கவுன்ட்டர் பேட்டரி இல்லாமலே நினைவில் நிற்கும் சில்லுப் பகுதியில் இருப்பதால், பேட்டரியைக் கழற்றியவுடன் கோடு அழிந்துவிடும் என்ற பயமும் தேவையில்லை.

குறை எங்கே என்றால், இத்தனையும் திரைக்குப் பின்னால் நடக்கிறது. முதல் அமுக்கலை ஏன் நிராகரித்தேன் என்று கார் சொல்வதில்லை. இரண்டாவதில் சத்தமில்லாமல் சரிசெய்துகொள்கிறது. சொந்தக்காரருக்கு மிஞ்சுவது ஒரே பாடம்: "ரெண்டாவது தடவை அமுக்குனா திறந்துக்கும்."

அந்தப் பாடத்தைத் திருடனும் படித்திருக்கிறான்

2015-இல் லாஸ் வேகாஸில் நடந்த டெஃப்கான் மாநாட்டில் சாமி கம்கார் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் 'ரோல்ஜாம்' என்ற சின்னக் கருவியைக் காட்டினார். பாகங்களின் விலை ஏறத்தாழ 32 டாலர். நீங்கள் பட்டனை அமுக்கும்போது அது குறுக்கே சத்தம் போட்டுக் காரின் காதை அடைக்கிறது, அதே நேரம் உங்கள் எண்ணைத் தான் பதிவு செய்துகொள்கிறது. கதவு அசையவில்லை. நீங்கள் என்ன செய்வீர்கள்? இன்னொரு தடவை அமுக்குவீர்கள். அதையும் அடைத்துப் பதிவு செய்துகொண்டு, முதலில் பிடித்த எண்ணைக் காருக்கு விடுகிறது. கதவு வேலை செய்துவிட்டது. நீங்கள் நிம்மதியாகப் போய்விடுவீர்கள். கார் இன்னும் பார்க்காத, செல்லுபடியாகிற இரண்டாவது எண் அதன் கையில் இருக்கிறது.

இந்தத் தாக்குதலில் ரகசியக் குறியீட்டை யாரும் உடைக்கவில்லை. உடைத்தது நம் பழக்கத்தை. பேட்டரி பலவீனமாக இருந்தாலும் முதல் அமுக்கு தவறி இரண்டாவது பலிக்கும். கவுன்ட்டர் விலகியிருந்தாலும் அப்படியே. திருடன் பக்கத்தில் நின்றாலும் அப்படியே. மூன்றுக்கும் நம் கண்ணுக்குத் தெரிகிற காட்சி ஒன்றே.

2022-இல் சிங்கப்பூரைச் சேர்ந்த ஆய்வாளர் குழு 'ரோல்பேக்' என்று ஒன்றை பிளாக்ஹாட் மாநாட்டில் வெளியிட்டது. முன்பு பதிவு செய்த சில எண்களை வரிசையாகத் திரும்ப ஒலிபரப்பினால், சில கார்கள் தங்கள் கவுன்ட்டரைப் பழைய இடத்துக்கே திருப்பிக்கொள்கின்றன என்று காட்டினார்கள். தொலைந்த ஒத்திசைவை மீட்கக் கொடுத்த சலுகை வழியே திருட்டு வழியாகிறது.

காங்கேயம் கடைவீதியில் ரோல்ஜாமோடு ஆள் நிற்கிறார் என்று நான் சொல்லவில்லை. உங்கள் ரிமோட் தவறினால் காரணம் பேட்டரியாக இருக்கத்தான் வாய்ப்பு மிக அதிகம். என் புகார், இரண்டையும் பிரித்தறிய உங்களுக்கு எந்த வழியும் கொடுக்கப்படவில்லை என்பது. அடிக்கடி பொய்யாக அடிக்கிற தீயணைப்பு மணியை யாரும் மதிப்பதில்லை. அடிக்கடி தவறுகிற பூட்டும் அப்படித்தான்.

ஒஹையோவில் ஒரு தெரு

தவறுகிற ரிமோட்டுகளைத் துப்பறிந்த கதைகளில் எனக்குத் தெரிந்த மிகச் சிறந்தது 2019-இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், கிளீவ்லாந்துக்குப் பக்கத்தில் நார்த் ஓம்ஸ்டெட் என்ற ஊரில் நடந்தது. ஒரு பகுதியில் பல வீடுகளில் கார் ரிமோட்டும் கராஜ் கதவு ரிமோட்டும் வாரக் கணக்கில் வேலை செய்யவில்லை. தனி ஆளாக இருந்தால் பேட்டரி மாற்றிக்கொண்டே இருந்திருப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் பேசிக்கொண்டதால்தான் இது சாவியின் பிரச்சினை அல்ல, இடத்தின் பிரச்சினை என்று தெரிந்தது. பக்கத்தில் நாசாவின் ஆய்வு மையம் இருந்தது வேறு ஊகங்களுக்குத் தீனி போட்டது.

மின்சார நிறுவனத்தார் வந்து பார்த்தார்கள். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் சிக்னல் நிற்கவில்லை. கடைசியில் ஊர் மன்ற உறுப்பினர் ஒருவரும் உதவிக்கு வந்தவர்களும் வீடு வீடாகத் தேடி ஒரு வீட்டில் கண்டுபிடித்தார்கள். அங்கே எலக்ட்ரானிக்ஸ் ஆர்வமுள்ள ஒருவர், மாடியில் ஆள் நடமாட்டம் இருந்தால் தனக்குத் தெரிவிக்கும் கருவி ஒன்றைத் தானே செய்து வைத்திருந்தார். அது 315 மெகாஹெர்ட்ஸில் ஓயாமல் ஒலிபரப்பிக்கொண்டிருந்தது, பேட்டரியில். பேட்டரியை எடுத்ததும் எல்லாச் சாவிகளும் உயிர் பெற்றன. அவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, இப்படி ஒரு விளைவு இருக்கிறது என்பதே தெரியாது.

இந்தக் கதையில் முக்கியமானது கேள்வி மாறிய இடம். "எந்தச் சாவி கெட்டிருக்கிறது?" என்பதிலிருந்து "எந்த இடத்தில் கெடுகிறது?" என்று கேட்டவுடன் விடை நெருங்க ஆரம்பித்தது.

நம் ஊரில் 433 மெகாஹெர்ட்ஸில் பேசுகிற பொருட்கள் ஏராளம். வயர்லெஸ் காலிங் பெல், கடை ஷட்டர் ரிமோட், கேட் ரிமோட், சில கார்களின் டயர் காற்றழுத்த சென்சார், பல மலிவு விலை ரிமோட் சுவிட்சுகள். செல்ஃபோன் டவர்கள் பேசுவது 700 மெகாஹெர்ட்ஸும் அதற்கு மேலும். அதனால் டவர் மேல் பழி போடுவதற்கு முன்னால், பக்கத்துக் கடையின் 200 ரூபாய்ப் பெல்லைச் சந்தேகப்படுவது நியாயம்.

வரிசையாகப் பார்த்தால்

கருவி எதுவும் இல்லாமலே, வரிசை தவறாமல் சில சோதனைகள் செய்தால் பெரும்பாலான கோளாறுகளைப் பிரித்துவிடலாம்.

முதலில் உபரிச் சாவி. பீரோவில் தூங்குகிற அந்த இரண்டாவது சாவிதான் நம்மிடம் இருக்கிற சிறந்த சோதனைக் கருவி. ஒரே இடம், ஒரே நேரம், இரண்டு சாவி. ஒன்று மட்டும் தவறினால் கோளாறு அந்தச் சாவியில். இரண்டுமே தவறினால் காரில், அல்லது இடத்தில். காரா இடமா என்று தெரிய, வண்டியை நூறு மீட்டர் தள்ளி நிறுத்தி மறுபடி பாருங்கள்.

அடுத்து தூரம். கதவுப் பக்கத்தில் திறக்கிறது, பத்து அடி தள்ளினால் திறக்கவில்லை என்றால் சிக்னலின் பலம் குறைந்திருக்கிறது. சாவியைத் தாடையில் ஒட்டி வைத்து அமுக்கிப் பாருங்கள். வேடிக்கையாகத் தெரியும், ஆனால் தண்ணீர் நிறைந்த நம் தலை ஆன்டெனாவுக்குத் துணை நின்று எட்டும் தூரத்தைக் கூட்டும். தாடையில் வைத்தால் வேலை செய்கிறது என்றால் கோடு சரி, பலம்தான் போதவில்லை.

பிறகு பட்டன்கள். திறக்கும் பட்டன் எப்போதும் வேலை செய்து, பூட்டும் பட்டன் மட்டும் தவறுகிறதா? பேட்டரி, ரேடியோ, கோடு மூன்றும் இரண்டு பட்டனுக்கும் பொது. அப்படியானால் தேய்ந்தது அந்தப் பட்டனுக்கு அடியில் உள்ள சின்ன சுவிட்ச். மொபைல் ரிப்பேர் கடையில் சால்டர் வைத்து மாற்றிவிடுவார்கள். இண்டிகேட்டர் மின்னுகிறது, ஆனால் ஒரு கதவு மட்டும் திறக்கவில்லை என்றால் சாவி தன் வேலையைச் செய்துவிட்டது. பார்க்க வேண்டியது அந்தக் கதவின் லாக் மோட்டாரையும் ஒயரையும்.

பேட்டரி. சிஆர் 2032 என்றால் 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். 2025 என்றால் தடிமன் 2.5. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட்டால் சில நாள் தொடும், சில நாள் தொடாது. மல்டிமீட்டரில் 3 வோல்ட் காட்டினால் நல்ல பேட்டரி என்று முடிவு கட்ட வேண்டாம். வயதான செல்லின் உள்தடை ஏறியிருக்கும். சும்மா இருக்கும்போது 3 காட்டி, ரேடியோ மின்சாரம் இழுக்கும் அந்தக் கணத்தில் படுத்துவிடும். 270 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைக் குறுக்கே வைத்து சில நொடி அளந்தால் உண்மை தெரியும். குழந்தைகள் விழுங்காமல் இருப்பதற்காகச் சில பிராண்டுகள் செல்லின் மேல் கசப்புப் பூச்சு பூசுகின்றன, நல்ல விஷயம்தான், ஆனால் சில கருவிகளில் அந்தப் பூச்சே தொடர்பைக் கெடுக்கும். பழைய செல்லை மட்டும் குழந்தை கைக்கு எட்டாத இடத்தில் போடுங்கள், விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

என் கார் விஷயத்தில் இந்த வரிசை என்ன சொன்னது என்றால், ஒன்றுக்கு ஒன்று சம்பந்தமில்லாத இரண்டு கோளாறுகள் சேர்ந்திருந்தன. தினமும் பயன்படுத்துகிற சாவியின் செல், ரெசிஸ்டர் வைத்தவுடன் 2.3 வோல்ட்டுக்கு இறங்கியது. அதை மாற்றியதும் வீட்டு வாசலில் தவறுவது நின்றது. ஆனால் கடைவீதியில் அந்த வரிசையில் மட்டும் புது செல் போட்ட சாவியும் பூட்டவில்லை, பீரோவில் இருந்த சாவியும் பூட்டவில்லை. லேப்டாப்பில் ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்ற சின்ன யுஎஸ்பி ரிசீவரைச் செருகி, காருக்குள் உட்கார்ந்தபடி பார்த்தேன். 433.9-க்குப் பக்கத்தில் விடாமல் ஒரு கோடு. கடை திறந்திருக்கும் நேரத்தில் இருந்தது, ஞாயிற்றுக்கிழமை இல்லை. எதிர் வரிசையில் நிறுத்தினால் கார் பூட்டுகிறது. இப்போது அங்கேதான் நிறுத்துகிறேன்.

பேட்டரிதான் என்ற வாட்ச் கடைக்காரர் பாதி சரி. ஏதோ சிக்னல் குறுக்கே வருகிறது என்ற மில்லுக்கார நண்பரும் பாதி சரி, டவர்தான் இல்லை. ஐந்து இலக்கத்துக்குப் புதுச் சாவி வாங்கியிருந்தால் புது செல்லோடு வந்திருக்கும், வீட்டு வாசலில் திறந்திருக்கும், கடைவீதியில் பழையபடி மக்கர் செய்திருக்கும்.

கார் பேசலாமே

காரோடு வந்த கையேட்டில் சாவிக்கு ஆறு பக்கம். சுற்றுப்புறத்தைப் பொறுத்து ரிமோட் செயல்படாமல் போகலாம், எட்டும் தூரம் மாறலாம், டீலரை அணுகவும். ஒவ்வொரு வாக்கியமும் உண்மை, ஒன்றும் பயன்படாது. உபரிச் சாவியை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள் என்ற ஒரு வரி போதும், ஆயிரக் கணக்கான பேரின் அலைச்சல் மிச்சம். அந்த வரி இல்லை. படிக்கிறவர் கோளாறைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று எழுதப்பட்ட நூல் அல்ல அது. எழுதியவர் மேல் வழக்கு வரக்கூடாது என்று எழுதப்பட்டது.

இத்தனைக்கும் தகவல் காரிடம் இருக்கிறது. சிக்னல் எவ்வளவு பலமாக வந்தது என்பதை ரிசீவர் அளக்கக்கூடியது. எண் செல்லுபடியானதா, சலுகை ஜன்னலில் விழுந்ததா, பழைய எண்ணா என்பது அதற்குத் தெரியும், தெரியாமல் முடிவெடுக்கவே முடியாது. சில கார்கள் சாவியின் பேட்டரி குறைவு என்று டேஷ்போர்டில் காட்டுகின்றன. ஒன்றைக் காட்ட முடிந்தால் மற்றதையும் காட்டலாம்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. பாதுகாப்புத் துறையில் இருப்பவர்கள் சொல்வார்கள், தோல்விக்குக் காரணம் சொல்வது திருடனுக்கு உதவுவது என்று. நம் இணையதளங்களில் கூட லாகின் தவறினால் பெயர் தவறா, பாஸ்வேர்டு தவறா என்று பிரித்துச் சொல்ல மாட்டோம். நியாயம்தான். ஆனால் காரணத்தை வெளியே நிற்கிறவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. சரியான சாவியோடு உள்ளே உட்கார்ந்து வண்டியைக் கிளப்பிய பிறகு, திரையில் ஒரு வரி போதும்: "நீங்கள் போன பிறகு இரண்டு தடவை பழைய எண் வந்தது." "நேற்று மாலை அலைவரிசையில் இடையூறு இருந்தது." வங்கிச் செயலி உங்கள் கடைசி லாகின் நேரத்தைக் காட்டுவது மாதிரி. அப்போது செல் வாங்க வேண்டியவர் செல் வாங்குவார், இடம் மாற வேண்டியவர் மாறுவார், சந்தேகப்பட வேண்டியவர் சந்தேகப்படுவார்.

ரோல்ஜாமுக்குக் கூட மருந்து உண்டு. எண்ணுக்குள் நேரத்தையும் சேர்த்து, சில நொடிகளில் காலாவதியாகும்படி செய்தால் பதிவு செய்து வைத்த எண் உதவாது. கம்காரே அதைத்தான் பரிந்துரைத்தார். மைக்ரோசிப் நிறுவனமும் நேரத்தைச் சேர்த்த கீலாக்கைக் கொண்டுவந்தது.

உங்கள் காருக்கு அது வரும்வரைக்கும் இதைச் செய்யுங்கள். கூட்டமான இடத்தில் முதல் அமுக்கு தவறி இரண்டாவதில் பூட்டினால், ஒரு நிமிடம் நின்று கைப்பிடியை இழுத்துப் பாருங்கள். பூட்டியிருந்தாலும் வண்டியை எடுத்துக்கொண்டு வேறு இடத்துக்குப் போனதும் ரிமோட்டால் ஒரு தடவை பூட்டித் திறங்கள். சாதாரண உருளும் கோட்டில், புது எண் ஒன்று காருக்குப் போய்ச் சேர்ந்தவுடன் அதற்கு முன்னால் யார் எதைப் பிடித்து வைத்திருந்தாலும் செல்லாது. சந்தேகம் போகவில்லை என்றால், ரிமோட் டப்பாவுக்குள் மடிந்திருக்கிற இரும்புச் சாவியை வெளியே எடுத்து, கதவில் விட்டுத் திருப்புங்கள். வாங்கிய நாளிலிருந்து அதைப் பயன்படுத்தாதவர்கள், அது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று வீட்டு வாசலிலேயே ஒரு தடவை பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.